பீன்யாவில் ஓர் இடம் காலி

பெங்களூருக்குப் போய் வந்தவர்கள் லால்பாகைப் பற்றி எழுதுகிறார்கள், கப்பன் பூங்காவைப் பற்றி எழுதுகிறார்கள், அந்த ஊர்க் குளிரைப் பற்றி எழுதுகிறார்கள். நான் பூங்கா எதையும் பார்க்கவில்லை, குளிரும் என்னிடம் வரவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு கணினி அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி யாரும் எழுதிப் படித்ததில்லை என்பதால் நான் எழுதுகிறேன். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு உபயோகப்படலாம். மற்றவர்கள் பொழுது போகாவிட்டால் படிக்கலாம்.

என் பெயர் வசந்தி. நாற்பத்தெட்டு வயது. ஜோலார்பேட்டையில் குடியிருந்துகொண்டு திருப்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடுகிறேன். பி.காம். மூன்றாம் வருடம் படிக்கும்போது கல்யாணம் பண்ணிவைத்தார்கள், படிப்பு நின்றது. பிற்பாடு கல்யாணமும் நின்றது. பதினோரு வருடமாகத் தனியாக இருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்து, எல்லாத் தாளும் முடித்து, செலவுக் கணக்கியல் மட்டும் பாக்கி நின்றது. பதிவுக் காலம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அதற்குள் இந்த ஒரு தாளைத் தேறாவிட்டால் தேறிய தாள்களும் செல்லாது. இருபது வயதில் கைநழுவிய பட்டத்தை இந்த வயதில் இன்னொரு தடவை நழுவ விட எனக்கு மனமில்லை.

மற்ற தாள்களையெல்லாம் திருப்பத்தூரிலேயே பேனாவும் காகிதமுமாக எழுதினேன். மேற்பார்வைக்கு வந்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்ணயர்ந்தார்கள். நான் வாய்விட்டுக் கணக்குப் போட்டது யார் தூக்கத்தையும் கெடுக்கவில்லை. கடைசித் தாளுக்கு வரும்போது எல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. வீட்டிலிருந்தே எழுதலாம், எங்கோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றார்கள். நமக்கு இதுதான் வசதி என்று நினைத்தேன்.

அன்று திரையில் ஓர் ஆண்குரல் வந்தது, முகம் வரவில்லை. மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் காட்டினேன். பீரோவைத் திறந்து காட்டினேன். "அறையில் தனியாக இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "பரீட்சை முடியும்வரை யாராவது உள்ளே வர வாய்ப்புண்டா?" இல்லை என்றேன். "உறுதியாகத் தெரியுமா?" பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. யெஸ் சார் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். திடீரென்று திரை உறைந்தது. அறையில் இரண்டாவது நபர் இருக்கிறார் என்று எழுத்து வந்தது. நான் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குரல், "நீங்கள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறீர்கள், பதிவாகியிருக்கிறது. யார் அந்த அம்மு?" என்றது.

அம்மு நான்தான். வீட்டில் எனக்கு வைத்திருந்த பெயர். அப்படிக் கூப்பிட இப்போது யாரும் மிச்சமில்லை என்பதால் நானே கூப்பிட்டுக்கொள்கிறேன். கணக்குப் போடும்போது, "அம்மு, அதை ஏண்டி அங்க போடற?" என்று கேட்பேன். "போட்டா என்ன ஆயிடும்?" என்று பதிலும் சொல்வேன். இரண்டுக்கும் குரல் கொஞ்சம் மாறும்போலிருக்கிறது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். "உங்கள் அட்டையில் வசந்தி என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பரீட்சையை ரத்து செய்தார். இத்தனை வருடத்தில் என் வீட்டில் இன்னோர் ஆள் இருப்பதாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான். அன்று ராத்திரி சமைக்கவில்லை. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயணக் கட்டுரையில் அதற்கு இடம் உண்டோ இல்லையோ.

இனிமேல் இந்தத் தாளைத் தேர்வு மையத்தில்தான் எழுத முடியும் என்று மின்னஞ்சல் வந்தது. மையக் கட்டணம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இடம் பிடிக்கும் பக்கத்தில் நிரம்பிய ஊர்கள் சாம்பல் நிறத்திலும் இடமுள்ள ஊர்கள் பச்சையிலும் இருந்தன. வேலூர் சாம்பல். சேலம் சாம்பல். சென்னையில் பச்சை தெரிந்தது, ஆனால் என் பதிவு காலாவதியான பிறகு வரும் தேதிகள். பெங்களூரில் பீன்யா என்ற இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் இடம் காலி. யோசித்துக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும் என்று அழுத்தினேன். உடனே விதிமுறைகள் வந்தன. துணைக்கு வருகிறவர்களுக்கு வளாகத்தில் அனுமதி இல்லை என்பது அதில் நாலாவது. அதைக் கடைப்பிடிப்பதில் எனக்குச் சிரமம் எதுவும் இருக்கவில்லை.

மருத்துவமனையில் நர்ஸ் ரோஸியிடம் சொன்னேன். "பீன்யாவா? எங்கக்கா ஸ்டெல்லா லிங்கராஜபுரத்துல இருக்கு. மொத நாளே போயி அங்க தங்கிக்கோங்க. லாட்ஜுல எல்லாம் தனியா தங்காதீங்க வசந்திக்கா" என்றாள். அப்படித்தான் பயணம் அமைந்தது.

சனிக்கிழமை, பிற்பகல்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். முன்பதிவில்லாத பெட்டியில் எழுபது ரூபாய். நடுவில் குப்பம் வருகிறது, அது ஆந்திரா. பிறகு பங்காருபேட்டை, அது கர்நாடகா. மூன்று மாநிலத்தை உட்கார்ந்த இடத்திலேயே கடந்துவிடலாம். எனக்கு உட்கார இடம் கிடைத்தது குப்பத்தில்தான்.

எதிரில் ஓர் அம்மாள் தூக்குவாளியைத் திறந்து குடும்பத்துக்கே எலுமிச்சஞ்சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சாதத்தைக் கொடுத்துவிட்டால் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடும் அல்லவா?

"எங்கம்மா, பொண்ணு வீட்டுக்கா?"

இல்லை என்றால் அடுத்து என்னென்ன கேட்பார் என்று தெரியும். ஆமாம் என்றேன்.

"என்னா பண்ணுது பொண்ணு?"

"பி.காம். கடைசிப் பரீட்சை எழுதறா. நாளைக்கி."

"நல்லாப் படிக்குமா?"

"படிப்பா. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாமே அப்பிடித்தான்" என்று அந்த அம்மாள் ஆறுதல் சொன்னார். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கும்போது, "பொண்ணு பாஸாயிடும், கவலப்படாதீங்க" என்றார். பொய்ப் பெண்ணுக்கு உண்மையான ஆசீர்வாதம். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கண்டோன்மென்டில் இறங்கி சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். துணிக்கடை, கறிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் ரோட்டுக்கு இறங்கி வந்திருந்தன. ஒருவர் தமிழில் கூப்பிட்டார், ஒருவர் உருதுவில் கூப்பிட்டார், விலை மட்டும் எல்லாருக்கும் ஆங்கிலத்தில். பஸ்ஸில் பெண்கள் அட்டையைக் காட்டி இலவசச் சீட்டு வாங்குவதைப் பார்த்து நானும் ஆதாரை நீட்டினேன். கண்டக்டர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"தமிழ்நாடு அட்ரஸ்மா இது. கர்நாடகா லேடீஸுக்கு மட்டும்தான் ஃப்ரீ. பதினெட்டு ரூபா குடுங்க."

நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண் என்றால் போதும், எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். பதினெட்டு ரூபாய் பெரிதில்லை. பஸ்ஸில் காசு கொடுத்த ஒரே பெண்ணாக நான் நின்றதுதான் என்னவோ போல் இருந்தது.

சனிக்கிழமை, மாலை

லிங்கராஜபுரத்தில் ஸ்டெல்லா அக்காவின் வீடு ஒரு பேக்கரிக்குப் பின்னால், குறுகின சந்தில். அக்கா வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறார். வீடு நிறைய ஆட்கள். கணவர், இரண்டு மகன்கள், ஒரு மருமகள், மருமகளின் தங்கை. எனக்குத் தையல் மெஷின் இருக்கும் அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் போய், ஆங்கிலத்தில் முடித்தார்கள். நான் அந்த இரைச்சலுக்கு நடுவில் சோபா நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். வீட்டில் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளாமல் நடக்க முடியவில்லை. அவர்களுக்கு அது தொந்தரவு. எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். அதற்கு முன் பேச்சுவாக்கில், ரத்தான பரீட்சைக் கதையை ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லியிருந்தேன். அம்மு என்ற பெயரை மட்டும் சொல்லவில்லை. தனியாகப் பேசும் பழக்கம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். மகனின் வேலை, மருமகளின் சுகம், பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் எல்லாம் முடிந்து ஸ்டெல்லா அக்காவின் ஜெபம் என்னிடம் வந்தது.

"கர்த்தாவே, தூரத்துல இருந்து வந்திருக்கிற வசந்தி சிஸ்டரை உம்ம கரத்துல குடுக்கிறோம். நாளைக்கி அந்த எக்ஸாம் ஹாலுல, அவுங்க வாய மூடிக்கினு இருக்கிறதுக்குக் கிருபை தாரும் ஆண்டவரே."

மருமகளின் தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். "ஆமென்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். எனக்காக இத்தனை பேர் ஒரே சமயத்தில் ஆமென் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை, காலை

அவர்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் புறப்பட்டார்கள். வெள்ளைச் சட்டையும் பட்டுப்புடவையுமாக ஒரு பக்கம் அவர்கள் போக, தண்ணீர்ப் புட்டியோடு நான் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். மறுபடி சிவாஜிநகர், அங்கிருந்து மெஜஸ்டிக், மெஜஸ்டிக்கில் மெட்ரோ ரயில். பீன்யா இண்டஸ்ட்ரி நிலையத்துக்கு ஐம்பது ரூபாய். ரயில் தரைக்கடியில் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் மேம்பாலத்துக்கு ஏறிவிடுகிறது. மொட்டைமாடிகளில் துணி காய்வதையும், ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட்டையும் மேலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம். நான் உதட்டை இறுக்கி மூடிப் பழகிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு வாந்தி வருகிறதென்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

பீன்யாவில் மற்ற நாட்களில் ஷிப்டுக்குப் போகிறவர்களால் ரோடு தெரியாதாம். அன்று தெருவெல்லாம் காலியாகக் கிடந்தது. ஷட்டர் போட்ட பட்டறைகள், ஓரமாய் நிறுத்திய லாரிகள், வெயிலில் காய்ந்த இரும்பு வாசனை. ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார், என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். அரூர்க்காரர், ஒரு பிரஸ் கம்பெனியில் இருபது வருடம் இருந்துவிட்டு ஆட்டோ வாங்கியவர்.

"ஞாயித்துக்கிழம இங்க என்னாக்கா வேல? ஒரு கம்பெனியும் தொறக்க மாட்டானுங்களே."

"பரீட்சை."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். இறக்கிவிட்டு, "நாப்பது ரூபா. நல்லா எழுதுங்க" என்றார். முதல் நாள் ரயிலில் சொல்ல வராத பதில் அன்று தானாக வந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மையம் இரண்டாம் மாடியில். கீழே பூட்டிய லேத் பட்டறை, படியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மேலே போனால் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஏசி குளிரும் கண்ணாடிச் சுவரும். வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒருவன், "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் கீழ வெயிட் பண்ணணும்" என்று நல்லபடியாகத்தான் சொன்னான். நுழைவுச்சீட்டைக் காட்டியதும் வெட்கப்பட்டு எனக்கு முன்னால் இடம் விட்டான்.

கண்காணிப்பாளர் ஓர் இளம்பெண். மார்பில் ஜெனிஃபர் என்று பெயர்ப்பட்டை. ஆதாரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பையையும் போனையும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள், மூக்குக்கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் துடைத்துக் கொடுத்தாள். கடைசியாக, "கொஞ்சம் திரும்புங்க மேடம்" என்று சொல்லி, என் காதோரத்து முடியை விரலால் ஒதுக்கி, உள்ளே ஏதாவது கருவி வைத்திருக்கிறேனா என்று பார்த்தாள். அவள் வேலை அது. ஆனால் என் முடியை இன்னொருவர் ஒதுக்கி எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்னொரு காதையும் பார்க்கமாட்டாளா என்றிருந்தது, பார்த்தாள்.

உள்ளே தடுப்பு வைத்த மேஜைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி, கணக்குப் போட்டுப் பார்க்கக் காகிதத்துக்குப் பதில் அழித்து எழுதும் பிளாஸ்டிக் பலகை ஒன்று, மெல்லிசான பேனா ஒன்று. பரீட்சை தொடங்குமுன் பலகையில் எதுவும் எழுதக் கூடாது என்று ஜெனிஃபர் ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன். என் கவனம் பூராவும் வாயில் இருந்தது. வாயை நான் காவல் காத்துக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு ஒரு காரியம் செய்துவிட்டது.

பலகையின் உச்சியில் நடுவாக ஒரு உ. பிள்ளையார் சுழி. நான் பெரிய பக்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் மளிகைச் சீட்டானாலும் வாடகை ரசீதானாலும் புதுப் பக்கம் என்றால் கை அதைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஜெனிஃபர் வந்து நின்றது நிழலாகத் தெரிந்தது.

"மேடம், இது என்னா? எதுக்கு ரெண்டு எழுதியிருக்கீங்க?"

"ரெண்டு இல்லம்மா, உ."

"உ-ன்னா?"

"தமிழ் எழுத்தும்மா, உ. நீ தமிழ்தானே பேசற?"

"பேசத்தான் வரும் மேடம். படிக்க வராது. ஸ்கூல்ல கன்னடா, இங்கிலீஷ்தான். இது டூ மாதிரிதான இருக்கு? ஆன்ஸர் ஏதாச்சும் எழுதினு வந்தீங்களா?"

பலகையை அவள் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு மாதிரிதான் இருந்தது. அது பிள்ளையார் சுழி, எதை எழுதினாலும் மேலே போடுவோம், வீட்டில் பார்த்ததில்லையா என்றேன். "நாங்க கிறிஸ்டியன்ஸ் மேடம்" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கேமராவில் எல்லாம் பதிவாகிறது. அவளும் யாருக்கோ பதில் சொல்லவேண்டியவள்தான்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். நடுவயதுக்காரர், கன்னடக்காரர், நெற்றியில் சின்னதாகக் குங்குமம். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜெனிஃபர் கன்னடத்தில் விளக்கினாள். எனக்குப் பிள்ளையார் என்பது மட்டும் புரிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் வேலூர், சேலம், சென்னை என்று எனக்கு இடம் தராத எல்லா ஊர்களையும் நினைத்துக்கொண்டேன். இந்த ஒற்றை எழுத்தால் பட்டம் போகப்போகிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அவர் சிரித்தார். "ஓ! நாவு ஸ்ரீ பரீதீவல்லா, ஆ தரானா?" என்றார்.

"அவுங்க மேல ஸ்ரீ எழுதுவாங்களாம், அது மாதிரியான்னு கேக்குறாரு" என்றாள் ஜெனிஃபர்.

அதேதான், அதேதான் என்று இரண்டு கையையும் கூப்பினேன். வேறு பலகை கொடுக்கச் சொன்னார். ஆனால் விதி விதிதான். பரீட்சை தொடங்குமுன் எழுதியதாக ஒரு குறிப்பு பதிவாகும். இன்னொரு குறிப்பு விழுந்தால் பரீட்சை தானாக ரத்தாகிவிடும். ஜெனிஃபர் இதைத் தமிழில் சொல்லிவிட்டு, "இன்னொண்ணு மட்டும் வேணாம் மேடம்" என்று கெஞ்சுகிற மாதிரி சேர்த்துக்கொண்டாள்.

பரீட்சை இரண்டு மணி நேரம். முதல் பாதி ஓடிவிட்டது. தேர்ந்தெடுக்கும் கேள்விகள், படித்ததுதான். பிறகு ஒரு பெரிய கணக்கு வந்தது. ஒரு வேலைத்தளத்தில் மூன்று பிரிவு, மேற்செலவைப் பிரித்துப் போடவேண்டும். போட்டேன், கூட்டினேன், கொடுத்திருந்த நாலு விடையிலும் என் விடை இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன், இல்லை. வீடாக இருந்தால் இந்நேரம் அம்முவைத் திட்டித் தப்பைக் கண்டுபிடித்திருப்பேன். எனக்குக் கணக்கு வருவது மூளையால் அல்ல, வாயால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அப்படியும் உதடு அசைந்தது. "அம்..." என்று ஒரு சத்தம் வந்தேவிட்டது.

நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெனிஃபர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே வந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் குனிந்து, காதருகே, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "மேடம், பிரேக் எடுக்கலாம். ரூல்ஸ்ல இருக்கு. டைம் ஓடும், பரவால்லயா?"

வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். தேர்வரைத் தனியாக விடக் கூடாதென்று அவளும் பக்கத்திலேயே நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கூரைத் தகடுகளாகத் தெரிந்தது.

"பாத்துக்கினே இருந்தேன். உங்களுக்குப் பேசணும்போல இருக்கு, இல்ல?" என்றாள். "இங்க பேசலாம் மேடம். கொஸ்டின் பத்தி மட்டும் பேசக் கூடாது. வேற என்ன வேணும்னாலும் பேசுங்க."

பேசலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது, பக்கத்தில் உயிருள்ள ஓர் ஆளும் நிற்கிறது. எனக்குப் பேச ஒன்றுமே வரவில்லை. நாள் முழுக்க வீட்டில் ஓயாமல் பேசுகிறவள். அடுப்போடு பேசுவேன், பூட்டோடு பேசுவேன், அம்முவோடு சண்டை போடுவேன். ஆனால் எதிரில் ஒருத்தி கேட்கத் தயாராக நின்றதும், முதல் வார்த்தை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பரீட்சைகூட ஒரு நிமிடம் மறந்துபோய், இப்படியா ஆகிவிட்டோம் என்று பயமாக இருந்தது.

கடைசியில் ஒன்று வந்தது. "சாப்ட்டியாம்மா?" என்றேன்.

"இல்ல மேடம். இந்த பேட்ச் முடிஞ்சிதான். அம்மா புளிச்சோறு கட்டியிருக்காங்க."

"தொட்டுக்க?"

"ஆம்லெட்."

"ஆறிப்போயிருக்குமே."

"கீழ டீக்கடையில சூடு பண்ணித் தருவாங்க. நீங்க சாப்டீங்களா?"

"பயத்துல ரெண்டு இட்லிதான் எறங்கிச்சி."

அவ்வளவுதான் பேசினோம். அதற்குள் தாடை இளகி, மூச்சு சீராகிவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்ததும் தப்பு என்னவென்று கண்ணில் பட்டது. மின்சாரச் செலவை மூன்று பிரிவுக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தேன், பயன்பாட்டுக்குத் தகுந்தபடி பிரித்திருக்கவேண்டும். வாயைத் திறக்காமலே திருத்தினேன். நாலு விடையில் மூன்றாவதாக என் விடை இருந்தது.

சமர்ப்பி என்று அழுத்திய பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அது நின்று, தேர்ச்சி, தற்காலிகம் என்று வந்தது. தற்காலிகம் என்பது என் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்தேன். ஜெனிஃபர் அடுத்த பேட்ச் பிள்ளைகளின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனையும் பையையும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். பல் தெரியச் சிரித்தாள். நின்று பேச அவளுக்கு நேரமில்லை, எனக்கும் நிற்க முறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

மெட்ரோ நிலையத்துக்கு நடந்துகொண்டே ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் பண்ணினேன். பின்னால் விருந்தாளிகளின் சத்தம். "பாஸா? ஸ்தோத்திரம்! வாயத் தொறக்கலயே? இருங்க சிஸ்டர், பிரியாணி எறக்கினு இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்றார். ரோஸி டூட்டியில் இருந்தாள், எடுக்கவில்லை, செய்தி அனுப்பினேன். நான் சொல்லவேண்டியவர்கள் அவ்வளவுதான். நிலையத்தின் படியேறுவதற்குள் முடிந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் மிச்சம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெஜஸ்டிக் வரை கையில் பிடித்துக்கொண்டே போனேன்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பங்காருபேட்டை தாண்டும்போது யோசித்துப் பார்த்தேன். ஒரே காலையில் அந்த ஊரில் என் முகத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்கள், நான் எழுதிய ஒரே ஓர் எழுத்துக்கு இரண்டு பேர் நின்று அர்த்தம் கேட்டார்கள், என் உதடு அசைந்ததைக் கவனித்து ஒருத்தி எழுந்து வந்தாள். ஜோலார்பேட்டையில் என் தெருவில் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் இரண்டு நாளாக என் வீடு பூட்டிக் கிடந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. போனவுடன் எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல் தண்ணீர் வந்ததா என்று கேட்டார், வந்தது என்றேன்.

இதெல்லாம் நடந்து சில மாதங்களாகின்றன. பட்டச் சான்றிதழ் தபாலில் வந்துவிட்டது. எம்.காம்.முக்குப் பணம் கட்டிவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் பரீட்சைக்கு இடம் பிடிக்கச் சொல்லித் தகவல் வந்தது. புதுப் பதிவு என்பதால் பழைய தடை நீங்கி, வீட்டுவழி எனக்கும் திறந்திருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, பயணமும் கிடையாது. மையங்களில் இந்தத் தடவை வேலூரும் பச்சை, சேலமும் பச்சை. நான் பீன்யாவை அழுத்தினேன். வேலூர் பக்கம்தான், செலவும் குறைவு, எனக்குத் தெரியாமலில்லை. பீன்யாவில் ஜெனிஃபர் இருப்பாளோ, வேறு யாராவது இருப்பார்களோ, அதுவும் நிச்சயமில்லை. ஆனால் பரீட்சையன்று காலை பதினோரு மணிக்கு நான் வந்துசேரவில்லை என்றால், வசந்தி எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்க அந்த ஊரில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.